ஒன்பது ஜூனியர் சாம்பியன்கள்

செப்டம்பர் 3, பெர்ம்

இன்று பனிச்சறுக்கு நடன அரங்கில் இருந்தவர்கள்: பயிற்சியாளர் நெல்லி அர்கதியெவ்னா, என் மகள் ரெனாத்தா, வாசலில் வருபவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் கபிதோலினா, நான். பனியில் என் பேத்தி அக்லாயா. பதினைந்து வயது, மார்ச்சில் ஜூனியர் சாம்பியன் ஆனவள். சீனியருக்கான ஆட்டத்தை இன்றுதான் முதல்முறை முழுதாக ஆடிக் காட்டினாள். மூன்று முறை விழுந்தாள். இந்தக் கோடையில் மட்டும் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்; தாவினால் உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை.

நெல்லி என் பக்கம் திரும்பவே இல்லை. மார்ச்சில் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "ஸோயா புரோகோரொவ்னா, சீனியர்லயும் இவதான், எழுதி வெச்சுக்கோங்க" என்றவள். எழுதித்தான் வைத்திருக்கிறேன். இதே நோட்டில்.

செப்டம்பர் 11

மறுபடி விழுந்தாள். இடுப்பெல்லாம் நீலம்.

செப்டம்பர் 24

அரங்கின் நடைவழிச் சுவரில் எங்கள் ஊர் ஜூனியர் சாம்பியன்களின் படங்கள். அக்லாயாவோடு ஒன்பது. ஒருவரையும் மறக்கவில்லை நான். முதல் பெண்ணுக்கு முதுகு போயிற்று. இரண்டாமவள் பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள். மூன்றாமவள் விடுமுறைக் காட்சிகளில் முயல் வேஷம் போட்டு ஆடுகிறாள். மற்ற ஐந்து பேரும் பதினேழு தாண்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். இங்கிருந்து சீனியர் அணிக்குப் போனவள் ஒரே ஒருத்தி, தீனா. ஜூனியரில் அவள் ஏழாவது இடம். சுவரில் அவள் படமே இல்லை!

கபிதோலினா சிரித்தாள். "எட்டு வருஷமா இந்தச் சுவத்துக்குக் கீழதானே உக்காந்து ஸ்வெட்டர் பின்னிட்டிருந்தே ஸோயா. இன்னிக்குத்தான் நிமிர்ந்து பாத்தியா?"

"வாயை மூடுடி" என்றேன். வேறென்ன சொல்ல?

அக்டோபர் 17

அக்லாயாவைச் சின்னக் குழந்தைகளின் பயிற்சி நேரத்துக்கு மாற்றிவிட்டாள் நெல்லி. எட்டு வயதுக் குஞ்சுகளுக்கு நடுவில் கொக்கு மாதிரி நிற்கிறது என் பிள்ளை. நேராகப் போய்க் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று.

"ஜெயிச்ச அன்னிக்கு ஒரு பாட்டிகிட்ட வேற என்ன சொல்லுவாங்க? ஆனா ஏப்ரல்லயே ரெனாத்தாகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே. இன்னும் எவ்வளவு வளருவான்னு பாக்க மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தோம். இவ இன்னும் பத்து சென்டிமீட்டராவது வளருவா, தாவினா விழுந்துட்டே இருப்பா, பெரிய தாவல் இல்லாத ஜோடி நடனத்துக்கு மாத்திடுங்கன்னேன். அங்க உயரம் நல்லது. ஒரு பையன் ஜோடி தேடிட்டும் இருந்தான். ரெனாத்தாதான் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனா. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு மே மாதமே வேறு பெண் கிடைத்துவிட்டாள்.

அக்டோபர் 18

ரெனாத்தாவிடம் கேட்டேன். பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"எங்க போனாலும் சாம்பியனோட அம்மான்னாங்கம்மா. அதுவரைக்கும் என்னை யாரு என்னன்னு கூப்பிட்டாங்க? ஒரு வருஷமாவது இருக்கட்டுமேன்னு..."

ஒரு வருஷமாவது! பிள்ளை விழப்போகிறாள் என்று தெரிந்தே — தெரிந்தே! — தினமும் காலையில் குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டிவிட்டாளே. அதற்குக் கை எப்படி வந்தது? நான் பெற்ற கைதானா அது?

நவம்பர் 30

ஜோடி நடனப் பிரிவில் போய்க் கேட்டோம். பையன்கள் யாரும் மிச்சமில்லை என்றார்கள். அக்லாயா அரங்குக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது.

டிசம்பர் 21

சமையலறையில் தாயும் மகளும் இறைச்சி வைத்துப் பெல்மெனிக் கொழுக்கட்டை மடிக்கிறார்கள். மூக்கில் மாவு, ஒரே சிரிப்பு. அக்லாயா வந்து என் தோளைப் பிடித்தாள். "வா பாட்டி. நானே அம்மாகூட ராசியாயிட்டேன். உனக்கு இன்னும் என்ன?"

அவள் மனசு அவளுக்கு. நெல்லியைக்கூட விட்டுவிடலாம், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னாள். கபிதோலினாவுக்கு வாய் நீளம், அவ்வளவுதான். போகிறேன். பேத்திக்காக உட்காருவேன், தட்டை நீட்டுவேன், பன்னிரண்டு சாப்பிடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன் அவளோடு. சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன் அவளை: ரெனாத்தா. என் மகள்.