சுவர் கட்டியவனுக்கு நான் போர்த்திய பொன்னாடை

என் வயிற்றில் பிறந்த செல்விக்கு,

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை எழுதுகிறது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் மகள் தீபாவுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. கிண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படிக்கிறாளே, அங்கேயே ஒரு புரொபசர் அம்மாவிடம் ஆறு மாதம் வேலை பழகப் போகிறாள். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. அதற்குப் பணம் கொடுக்கிறவன் யார் தெரியுமா?

அவன்தான்.

அவன் பெயரை எழுதினால் பேனாவுக்கு நாற்றம் பிடிக்கும். பணக்காரர்கள் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தருவார்களாம். அதில்தான் புரொபசர்கள் ஆராய்ச்சி செய்வார்களாம், பிள்ளைகள் வேலை பழகுவார்களாம். தீபா கடிதத்தை வாசிக்க வாசிக்க, அந்தப் பெயர் காதில் விழுந்ததும், கையிலிருந்த மீன் கத்தியை எறிந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் சாமி இரண்டாகக் கிழிந்தது.

"கிழிச்சுப் போடுடி அத்த! உங்கம்மாவ கொன்னவன் துட்டு அது!"

"தெரியும் ஆயா. தெரிஞ்சுதான் எழுதிப் போட்டேன்."

"இன்னாடி சொன்ன?"

அறைந்துவிட்டேன் செல்வி. வளர்த்த இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் அழவில்லை. அச்சாக உன்னைப் போலவே முறைத்து, "துட்டு குடுக்கற விழாவுக்கு வா ஆயா. வந்து பாரு" என்றாள். அடித்தது தப்புதானே? நீயே சொல்.

எனக்கு எதுதான் மறக்கும்? தன் பங்களாவுக்குள் கடல் வரக்கூடாது என்று, நாம் வலை காயப்போடும் மணலில் கல்சுவர் எழுப்ப வந்தான். அவன் ஆட்கள் இரும்புப் பைப்பால் படகுகளை உடைத்தார்கள். மூன்று வயது தீபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ நம் படகுக்கு முன்னால் போய் நின்றாய். அவன் காரில் சாய்ந்தபடி, "இன்னாடா பாத்துக்கினு கீறீங்க? போடுங்கடா!" என்றான். ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். குழந்தை மணலில் விழுந்து கத்தியது. மீன் வண்டியில் உன்னைக் கிடத்தி ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாதி வழியிலேயே உன் கை ஜில்லிட்டுவிட்டது.

எட்டுப் பேர் பார்த்தார்கள். கோர்ட்டில் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அதில் உன் சித்தப்பனும் ஒருத்தன். மந்தைவெளியில் அவன் வீட்டைத் தாண்டும்போது இன்றைக்கும் காறித் துப்பிவிட்டுத்தான் போகிறேன். உன்னைக் கொன்றவன் விடுதலையாகிச் சுவரையும் கட்டி முடித்தான்; அதில் மோதித் திரும்பும் அலை நம் மணலை அரித்துக்கொண்டே இருக்கிறது.

விழாவுக்குப் போனேன். நன்கொடை கொடுத்தவருக்கு, உதவி பெறும் பிள்ளையின் வீட்டுப் பெரியவர் பொன்னாடை போர்த்துவது அங்கே வழக்கமாம். ஒரு பெண் என்னிடம் தட்டை நீட்டி, "நீங்கதான் போர்த்தணும் பாட்டி" என்றாள். மேடை ஏறினேன். கிழவனாகிவிட்டான். என்னை அடையாளம் தெரியாமல் கைகூப்பிச் சிரித்தான்.

தோளில் போர்த்தினேன். இரண்டு முனைகளையும் அவன் தொண்டைக்கு முன்னால் குறுக்கே மாற்றி இழுத்தேன். வலை இழுத்த கையல்லவா? காதோடு சொன்னேன்: "செல்வியோட அம்மாடா நானு." கண் பிதுங்கியது. நான் பாசத்தில் அணைப்பதாக நினைத்துக் கீழே எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோகூட எடுத்தார்கள்.

தீபா சிரித்த முகத்தோடு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வுடு ஆயா. இந்தாளு செத்தா செவுரு வுழுமா?"

விட்டேன். பொன்னாடை என் கையோடு வந்துவிட்டது. அவன் இருமினான், கழுத்தைத் தடவினான், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நான் யார் என்றும் சொல்ல வேண்டுமே! சமாளிக்கிறவன் போலத் தீபாவிடம், "என்னம்மா ஆராய்ச்சி?" என்றான்.

"உங்க செவுரு வந்தப்பறம் எங்க குப்பத்துல எவ்ளோ மண்ணு போச்சுன்னு அளக்கப் போறேன் சார்."

அவன் புரொபசர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மா குரலை உயர்த்தாமல், "பணம் கொடுத்தவங்க ஆராய்ச்சியில தலையிடக் கூடாது சார், நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சுவரை எடுக்கணும்னு குப்பத்து ஜனங்க போட்டிருக்கிற கேஸுக்கும் இந்த அளவு போகும்" என்றார். பைப்பால் அடி வாங்கியவன் மாதிரி உட்கார்ந்தான் செல்வி. நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலையில் அளவுக் கழி நட்டோம். முதல் கழி நீ விழுந்த இடத்தில். இடத்தைக் காட்டியது நான்தான். இப்போது அங்கே கணுக்கால் அளவு தண்ணீர். "சம்மட்டியக் குடு" என்று வாங்கி நானே அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் மண்டையை நினைத்துக்கொண்டேன். "போதும் ஆயா, கழி ஒடஞ்சிரும்" என்றாள் உன் மகள்.

அந்தப் பொன்னாடையில் இப்போது கருவாடு காய்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன்: சுவர் விழும்வரை தீபாவின் பேச்சைக் கேட்பேன், கழி சுமப்பேன், கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். விழுந்த அன்றைக்குக் கருவாட்டை உதறிவிட்டு, அதே துணியோடு அவன் வீட்டுக்குப் போவேன். தீபா இல்லாத நேரமாகப் பார்த்து.

உன்னைப் பெற்று, உன்னை வண்டியில் தள்ளிக்கொண்டு ஓடிய,
அம்மா