துவாரகாவுக்குச் சொன்ன நல்ல நேரம்

மகள் லக்ஷிகாவுக்கு அம்மா எழுதுவது,

அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர இங்கே ஒக்லாந்தில் எல்லோரும் சுகம். நீயும் அங்கே நல்ல சுகமென்று எமிலி அக்கா சொன்னா. பெற்ற மகளின் சுகத்தை எமிலி அக்காவிடம் கேட்டறிகிற காலம் எனக்கு வந்துவிட்டது, பார்த்தாயா. சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாம் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அவ வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மகள் இங்கிலாந்தில் வீடு வாங்கிவிட்டாளாமே, குடிபூரலுக்கு என் மருமகள் லண்டனிலிருந்து போய்ப் பொங்கிய புக்கையும் சாப்பிட்டுவிட்டு வந்தவள், நீர் வாயே திறக்கவில்லையே பத்மா" என்று செல்லமாகக் கோபித்தா. நான் என்ன சொல்ல? ஓம் அக்கா, நாவூறு பட்டுவிடும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை என்று சிரித்துச் சமாளித்தேன். அவ போனில் படம் காட்டினா. வைக்கோல் கூரை, ஆள் குனிந்து போகிற வாசல், பின்னால் பழைய தேவாலயமும் சவக்காலையும். பார்த்த உடனேயே எனக்கு அது எந்த வீடென்று விளங்கிவிட்டது. எடுத்த கத்தரிக்காயையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அது துவாரகாவின் வீடல்லவா? "என்னோடு வேலை செய்கிற பிள்ளை அம்மா, வீடு வாங்கப் போகிறாள், பாவம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நீ யோசனை கேட்டாயே, அந்தத் துவாரகா. உன் தம்பி வசீகரன் எல்லர்ஸ்லியில் வேலை முடிந்து வந்ததும் இருத்தி வைத்துக் கேட்டேன். அப்படி ஒரு பிள்ளையே இல்லையாம். அவனுக்கும் முதலே தெரியுமாம். நானும் ஒரு விசரி, ஒவ்வொரு கிழமையும் அந்த இல்லாத பிள்ளைக்காக விழுந்து விழுந்து யோசனை சொன்னேன். நானூறு வருடத்து வீடு, ஜன்னல் ஒன்றை மாற்றவும் கவுன்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும், ஊரில் கடை ஒன்றுதான், பஸ்சும் நினைத்தால்தான் வரும் என்று நீ சொல்லச் சொல்ல நானும் ஒவ்வொன்றாய் எச்சரித்தேன். பழைய சுவர் ஈரம் காக்கும், கையெழுத்து வைக்க முதல் நல்ல சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லு என்றேன். அந்தக் கூரைக்குள் எலி குடியிருக்கும் என்றேன். சவக்காலைக்குப் பக்கத்தில் வீடோ, அந்தப் பிள்ளையின் தாய் எப்படிச் சம்மதித்தா என்று கேட்டேன். "தாய்க்கு இன்னும் சொல்லேல்லையாம் அம்மா" என்றாய். எனக்கு வந்த கோபத்தில், "பெத்த தாய்க்குச் சொல்லாமல் வீடு வாங்கிறவளும் ஒரு பிள்ளையோ" என்று கேட்டேன். நீ உடனே கதையை மாற்றினாய். குடிபூரலுக்குப் பால் காய்ச்சப் பசுப்பால்தான் வேண்டுமோ, கடைப்பால் காணுமோ என்று கேட்டாய். அடி கள்ளி, எப்படியடி உனக்கு மனம் வந்தது?

வீடு வாங்கினது பிழையென்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய், நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் அப்பா கீழ்வீட்டை உனக்கென்று திருத்தினார். நீ குளிர் தாங்க மாட்டாய் என்று போன மாதம்தான் ஹீற் பம்ப் பூட்டுவித்து வீடியோவில் காட்டினார். வடிவாயிருக்கு அப்பா என்று நீயும் சொன்னாய். அப்போது அந்த இங்கிலாந்து வீட்டுத் திறப்பு உன் கையில் இருந்திருக்கிறது. வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்போம், பிறகு தேறியிருப்போம். அவருக்கு நேற்றுத்தான் சொன்னேன். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

அதையும் தாங்கலாம். நான் தாங்க முடியாமல் தவிப்பது வேறொன்று. பால் காய்ச்ச நல்ல நேரம் கேட்டாயே, குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்த்து உடனே சொன்னேன். அது ஒக்லாந்துக்குக் கணித்த கலண்டர். இங்கே மாரி, அங்கே கோடை, சூரியன் உதிக்கிற நேரமே வேறு. இன்று கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். நான் சொன்ன நேரம் உங்கள் ஊரில் இராகுகாலமாம். என் பிள்ளைக்கென்று தெரிந்திருந்தால் முதலே ஐயரின் வாசலில் போய் நின்றிருப்பேன். ஆரோ ஒரு பிள்ளைக்குத்தானே என்று குழம்பைத் துழாவிக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்துச் சொன்னேன். என் வாயாலேயே நேரம் சொல்லவைத்து, உன் வீட்டுக்கு இராகுகாலத்தில் பால் காய்ச்சிவிட்டாயே பிள்ளை. உனக்குத் தாயாய் இருந்து செய்ய வேண்டியதை என்னை அயலாளாய் இருந்து செய்ய வைத்தாய். எனக்கு ஆறவில்லை. இப்போதைக்கு ஆறாது.

அங்கே குளிர் தொடங்கினால் காலுறை போடாமல் திரியாதே. அந்த வாசலில் தலையை இடித்துக்கொள்ளாதே, பார்த்துக் குனிந்து போ. என் கோபம் என்னோடு, நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் நல்லாயிருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு, அவர் வாயால் சொல்லாவிட்டாலும். இன்னொரு தரம் பால் காய்ச்ச ஐயர் நாளும் நேரமும் குறித்துத் தந்திருக்கிறார், உங்கள் ஊர் நேரத்துக்கே. இதில் எழுத மாட்டேன். வசீகரனுக்கும் சொல்லவில்லை. நீயே போன் எடுத்துக் கேள். கேட்கும்போது, "என்ர வீட்டுக்கு அம்மா" என்று சொல்லிக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பத்மாவதி