அடியில் வைத்த செய்தி

மத்திகிரி,
9-8-1955

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் உங்களையெல்லாம் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பி, நிஜச் செய்திகளையே எழுத விடுகிறார்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. முக்கியமானதை முதலில் எழுத வேண்டும், இடம் போதாவிட்டால் ஆசிரியர் அடியிலிருந்து வெட்டிவிடுவார் என்று எழுதியிருந்தாய். எட்டாவதோடு நின்ற எனக்கும் அது புரிந்தது.

இங்கே நல்ல மழை. மாட்டுப் பண்ணைக்குப் புதிதாக இரண்டு சிந்தி இனக் காளைகள் வந்திருக்கின்றன. அப்பாவுக்கு அவற்றோடேயே பொழுது போய்விடுகிறது. சமையல் இப்போது நான்தான். "களி கல்லாட்டம் இருக்குதும்மா, செவுரு கட்டலாம்" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். படுத்தபடியே கேட்டாள்.

"இன்னும் ஒரு மாசந்தானே, பயிற்சி முடியட்டும். அவனுக்கு ஒண்ணும் எழுதிப்புடாதடி" என்றாள்.

ஆனால் நீ வழக்கமாக வரும் பெங்களூர் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால், "யாரு எறங்குறாங்க, பாரு" என்கிறாள். நானும் தினமும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ எழுதும் செய்தியில் உன் பெயரைப் போடுவார்களா?

அண்ணா, அம்மா படுத்த படுக்கையாகிப் பன்னிரண்டு நாளாகிறது. இனி மருந்து வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்பது உன்னைத்தான்.

இதை அடியில் வைத்திருக்கிறேன். வர முடியாதென்றால் உன் ஆசிரியரைப் போல வெட்டிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வாசலில் நிற்கும்
உன் தங்கை