நித்திரைக்கு அறுபத்தொரு புள்ளி

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனால், இவர் நீலப் பிளாஸ்ரிக் பரலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருக்கிறார். பல் கிட்டிப்போய், கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறார். தண்ணீரில் ஐஸ் கட்டி மிதக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் குளிர் காணாதாம். மயிலிட்டித் துறைமுகத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸை, உருகாமல் இருக்க றிஜிபோம் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டி, நேற்றுப் பின்னேரம் வட்டுக்கோட்டை வரை கொண்டு வந்திருக்கிறார் எங்கள் கடற்றொழில் பரிசோதகர். கூட வேலை செய்கிற பிலிப்பு கேட்டாராம், "ஐயா, வீட்டிலை ஏதும் விசேஷமோ?" என்று.

மூன்று நிமிடம் முடிய எழும்பி வந்தார். அந்தப் பெட்டியில் முதல் நாள் பாரை மீன் இருந்திருக்க வேண்டும்.

"ஜெயா, இரத்தமெல்லாம் எப்பிடி ஓடுது தெரியுமே!"

"தெரியுது. பூனையளுக்கும் தெரிஞ்சிட்டுது" என்றேன். மூன்று பூனைகள் இவரின் காலைச் சுற்றிக்கொண்டு நின்றன.

எல்லாம் ரொறன்ரோவில் இருக்கிற இவரின் அண்ணன், வில்லியம் அத்தானின் வேலை. உடம்பும் ஒரு மெஷின்தான், அளந்து அளந்து திருத்தலாம் என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் நாளுக்கு ஐந்து வீடியோ போடுகிறார். என் றொபின் ஐந்தையும் பார்க்கிறார். குறிப்பும் எடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் இப்படி இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

பெப்ரவரி 14, வெள்ளி

இன்றைய வீடியோவின்படி கோப்பிக்குள் பட்டர். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இந்த ஆயுளுக்கு அது போதும்.

பெப்ரவரி 19, புதன்

அத்தான் அனுப்பிய மோதிரம் நேற்று வந்தது. கறுப்பு நிறம், தடித்த மோதிரம். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால், விடிய எழும்ப நித்திரைக்குப் புள்ளி போடுமாம். இன்று காலை போனைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். 61.

கணிதம் படிப்பிக்கிறவளிடம் வந்து புள்ளியைக் காட்டினால் என்ன சொல்வாள்? "ஒரு 'C' வரும்" என்றேன். முகம் விழுந்துவிட்டது. பிறகு எனக்கே பாவமாக இருந்தது. இவர் விளையாட்டுக்கு இதையெல்லாம் செய்யவில்லை. போன வருடம் முழுக்கக் களைப்பு. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் அடித்துப்போட்டது போலத்தான் எழும்புகிறார். பணிப்பாளரின் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து தூங்கி வழிந்ததை வந்து சொன்னபோது நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எழுபது எடுப்பன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

பெப்ரவரி 27, வியாழன்

இவர் மகளின் அறைக்குப் போய்விட்டார். மகள் பேராதனையில் படிக்கிறாள், அறை சும்மாதான் கிடந்தது. தனியாக, குளிரில், இருட்டில் படுத்தால்தான் புள்ளி ஏறுமாம். அந்த அறையில்தான் ஏசி இருக்கிறது.

"உமக்கும் நல்லதுதானே ஜெயா. என்ரை குறட்டை இல்லாமல் நிம்மதியாப் படுக்கலாம்."

ஏழு மணிக்குப் பிறகு ஹோலில் சிவப்பு பல்ப் மட்டும்தான், வெள்ளை வெளிச்சம் நித்திரையைக் குழப்புமாம். படுக்கும் முன் வாய்க்குக் குறுக்கே பிளாஸ்ரர் ஒட்டிக்கொள்கிறார், மூக்கால் மட்டும் மூச்சு எடுக்க வேண்டுமாம். ஒட்டிய வாயோடு எனக்குக் கைகாட்டி 'குட் நைட்' சொன்னார். அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தை அமத்திச் சிரித்தேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

உண்மையை எழுதுகிறேன். நல்ல நித்திரை. இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு குறட்டை இல்லாத இரவு.

மார்ச் 9, ஞாயிறு

லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிய, வழமை போல தேத்தண்ணியும் றோல்ஸும் வந்தன. இவர் பதினொரு மணிக்கு முன் வாயில் எதுவும் வைப்பதில்லை, பின்னேரம் ஐந்துக்குப் பிறகும் இல்லை. பதினாறு மணித்தியாலம், பதினெட்டு மணித்தியாலம் என்று ஏதோ கணக்கு. தட்டை மெல்லத் தள்ளிவிட்டார்.

மாதர் சங்கத்துத் தலைவி பார்த்துவிட்டார். "பாருங்கோ, றொபின் அண்ணை லெந்துக்கு எவ்வளவு வைராக்கியமா உபவாசம் இருக்கிறார்! எங்கடை ஆக்கள் றோல்ஸுக்கு அடிபடுகினம்." போதகரும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த கிழமைப் பிரசங்கத்தில் சொல்லப் போகிறாராம்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார், "நான் பொய் சொன்னனானே, ஜெயா?"

"இல்லை. தலையை மட்டும் குனிஞ்சனீங்கள்."

"குனிஞ்சது பிழையே?"

"குனிஞ்ச விதம் பிழை" என்றேன். நூறு மீற்றர் போகும்வரை இரண்டு பேரும் சிரிப்பை அடக்கமுடியாமல் போனோம்.

மார்ச் 22, சனி

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நாலரைக்கே இவரின் இரவுச் சாப்பாடு முடிந்துவிடுகிறது. ஏழரைக்கு நான் தனியாக இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடுகிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் சண்டை, சமாதானம், மகளின் பள்ளிக்கூடம், இவரின் அம்மாவான மாமியின் கனடாப் பயணம் எல்லாம் அந்த மேசையில்தான் கதைத்து முடிந்தன. இப்போது எதிர்க் கதிரையில் என் பள்ளிக்கூடப் பை இருக்கிறது.

புள்ளி 58. ஏறவில்லை. இறங்கியிருக்கிறது.

எனக்கு இவர் வேண்டும். அறுபத்தொன்றோ ஐம்பத்தெட்டோ, எதிரில் இருந்து புட்டுச் சாப்பிடுகிற ஆள் வேண்டும். இதை நேரே சொன்னால் என்ன? ஏன் சொல்லாமல் இந்த நாட்குறிப்புக் கொப்பியில் எழுதுகிறேன்?

ஏப்ரல் 3, வியாழன்

இவர் தெல்லிப்பழை தாண்டி வரும்போது மோட்டார் சைக்கிளோடு ஒரு வீட்டுத் தகர வேலிக்குள் போயிருக்கிறார். முழங்கை உரஞ்சியது மட்டும்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாய் குறுக்கே வந்ததாம்.

மருந்து கட்டி முடிய பிலிப்பு போன் எடுத்தார். "அக்கா, நான் பின்னாலைதான் வந்தனான். நாய் ஒண்டும் வரேல்லை. ஐயா நித்திரையாப் போயிட்டார்."

பகல் இரண்டரை மணிக்கு! வண்டி ஓடிக்கொண்டு!

கத்திவிட்டேன். என்னப்பா உங்களுக்கு, ஐஸ் வேணும், மோதிரம் வேணும், எனக்கு உண்மை சொல்ல மட்டும் ஏலாது, நான் ஆர் உங்களுக்கு — எல்லாம் கேட்டேன். இவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அப்பா ஐம்பத்துமூண்டிலை போனவர். எனக்கு யூன் மாசம் ஐம்பத்துமூண்டு."

மாமாவை நான் பார்த்ததில்லை. இரவு படுத்தவர் காலையில் எழும்பவில்லை என்று தெரியும். நோய் நொடி இல்லாமல் நித்திரையிலேயே கர்த்தர் எடுத்துக்கொண்டார், பாக்கியவான் என்று வட்டுக்கோட்டையில் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பாக்கியத்துக்குத்தான் இந்த மனுசன் இவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் பூனைக் கதை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

மோதிரம் இன்னொன்றும் காட்டுகிறதாம். 95க்கு மேல் இருக்க வேண்டிய இரத்த ஒட்சிசன் நித்திரையில் 83 வரை இறங்குகிறது. அத்தானிடம் கேட்டதற்கு, "மெலிஞ்சிட்டாய் எல்லே, விரலிலை மோதிரம் லூசாய் இருக்கும்" என்றார். இருவரும் அதை நம்பினோம். மோதிரம் கழலாமல் நான்தான் நூல் சுற்றிக் கொடுத்தேன். நூல் சுற்றியும் 84.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

இன்று உபவாசம், கணக்கு எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டார், என் எதிரில் இருந்து. எனக்கு மனம் நிறைந்தது. பிறகு "இருபது நிமிஷம்" என்று சொல்லி, வாய்க்குப் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு ஹோல் செற்றிக் கதிரையில் சாய்ந்தார். நான் பக்கத்தில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன்.

மூக்கால் குறட்டை வந்தது. பிறகு நின்றது. நல்லது, பிளாஸ்ரர் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அடுத்த கணக்கைத் திருத்தினேன். அப்போதும் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நெஞ்சு அசைகிறது, ஆனால் காற்று வரவில்லை. மூடிய கதவை உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி. பிறகு உடம்பு முழுக்கத் துடித்து ஒரு இழுவை. கண் திறக்கவில்லை. திரும்பவும் குறட்டை. திரும்பவும் நின்றது.

மூச்சு நிற்கிற விநாடிகளை எண்ணினேன். வேறு என்ன தெரியும் எனக்கு? எழுதக் கடதாசி தேடவில்லை. எந்தப் பிள்ளையின் விடைத்தாள் என்றும் பார்க்காமல் ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதினேன். 19. 26. 24. 38.

முப்பத்தெட்டில் பேனையை எறிந்துவிட்டுப் போய்ப் பிளாஸ்ரரை இழுத்தேன். மீசையில் பாதி அதோடு வந்தது.

"ஐயோ! என்ன பெட்டை, என்ன?"

"மூச்சு நிண்டது. உங்களுக்கு மூச்சு நிக்குது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்றார். தெரியாதுதான். நித்திரை கொள்கிறவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் படுக்கிற ஆளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் படுக்கிற ஆள் இரண்டு மாதமாக மற்ற அறையில் நிம்மதியாகத் தூங்கினாள். அதற்கு முந்தின இருபத்துநான்கு வருடமும் காதுக்குப் பஞ்சு வைத்தாள்.

ஏப்ரல் 23, புதன்

யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியரிடம் போனோம். சின்ன வயது. ஐஸ், உபவாசம், மோதிரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிளாஸ்ரர் என்றதும் எழுதுவதை நிறுத்தினார்.

"வாயை ஒட்டினீங்களோ? இருந்த ஒரு வழியையும் அடைச்சிருக்கிறீங்கள், ஐயா."

ஒரு கருவியைத் தந்து, ஓர் இரவு கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார். இன்றிலிருந்து இவர் எங்கள் அறையில். இதில் கதை பேச்சு இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மணித்தியாலத்துக்கு நாற்பத்தேழு தடவை. நித்திரையில் தொண்டை மூடி மூச்சு நிற்கிற நோயாம். நோய்க்கு வைத்தியர் ஒரு நீளப் பெயர் சொன்னார். நான் 47-ஐ ஏழு மணித்தியால நித்திரையால் பெருக்கிக்கொண்டிருந்தேன். 329. ஓர் இரவில் முந்நூற்று இருபத்தொன்பது தடவை மூச்சுக்குத் தத்தளித்துவிட்டு, விடிய எழும்பி, களைப்புக்கு ஐஸ் தண்ணீரில் போய் இருந்திருக்கிறார். புள்ளி காணாது என்று தன்னையே ஏசியும் இருக்கிறார்.

வைத்தியர் நல்ல செய்தியும் சொன்னார். இதற்கு மெஷின் இருக்கிறது. போட்டால் மூச்சு நிற்காது.

பஸ்ஸில் இவரின் தோளில் சாய்ந்து அழுதேன். பக்கத்துச் சீற்றில் இருந்தவர் ஏதோ சாவீடு என்று நினைத்து எழும்பி இடம் விட்டார்.

மே 3, சனி

சாப்பிடும்போது இவர் திடீரென்று, "அப்பான்ரை குறட்டை ஒழுங்கை தாண்டித் தெருவுக்கே கேக்கும்" என்றார். மாமாவையும் இதுதான் கொண்டுபோயிருக்கும் என்று இருவருக்கும் விளங்கியது.

அத்தானுக்கு மட்டும் சொன்னோம், அவரும் சோதிக்க வேண்டும் என்பதற்காக. அவரும் அங்கே நிலவறையில் தனியாகத்தான் படுக்கிறாராம். மாமிக்குச் சொல்வதில்லை என்று முடிவு. எழுபத்தெட்டு வயது. இனிச் சொல்லி என்ன?

மே 16, வெள்ளி

கொழும்பிலிருந்து மெஷின் வந்தது. காற்றுத் தள்ளுகிற சின்னப் பெட்டி, குழாய், மூக்கை மூடுகிற முகமூடி. போட்டுக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். விமானம் ஓட்டப் போகிறவர் போல இருந்தது. "எங்கை, கனடாவுக்கோ?" என்றேன். முகமூடிக்குள் சிரித்ததில் காற்றுப் பிய்த்துக்கொண்டு சீறியது.

மே 24, சனி

விடிய ஐந்தரைக்குத் தானாக எழும்பி, தேத்தண்ணி ஊற்றி, என்னை எழுப்பினார். சீனி போட்ட தேத்தண்ணி. மயிலிட்டிக்குப் போய் வந்தும் கண் தெளிவாக இருக்கிறது. பின்னேரம் மதில் ஓரத்தில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு அரை மணித்தியாலம் அரசியல் கதைத்தார். இவருக்கு அரசியல் கதைக்கத் தெரியும் என்பதையே மறந்திருந்தேன்.

ஐஸ் குளிப்பை மட்டும் விடவில்லை. அது பிடித்துப்போனதாம். இருக்கட்டும்.

யூன் 9, திங்கள்

நேற்று இவருக்கு ஐம்பத்துமூன்று. இரவு எட்டரைக்கு மாமி ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தார். ஜெபம் பண்ணி, "கர்த்தர் உனக்கு நீடிய ஆயுசைத் தரட்டும்" என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் பார்த்தார்.

"என்னடா மூக்கிலை தழும்பு?"

இவருக்குத் தாயிடம் பொய் வராது. மெஷினைப் பற்றிச் சொன்னார், மூச்சு நிற்பதைச் சொன்னார். மாமாவின் பெயரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

"கொப்பருக்கும் உப்பிடித்தான்" என்றார் மாமி, மாமாவைச் சொல்லி. "இடையிலை நிக்கும். பிறகு ஒரு இழுவை இழுப்பார். எனக்கு நித்திரை வராது. நான் பாயை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போயிடுவன். அண்டைக்கு இரவும் போயிட்டன்."

நான் போனை வாங்கினேன். "மாமி, அந்தக் காலத்திலை ஆருக்குத் தெரியும்? டொக்டர்மாருக்கே தெரியாது. நானும் பஞ்சு வைச்சனான், மாமி."

"ஓம் பிள்ளை" என்றார். பிறகு, "எத்தினை மணிக்குப் படுப்பான்?" என்று கேட்டார்.

"ஒன்பதரைக்கு."

"எனக்கு அப்ப மத்தியானம். போனை அவனுக்குக் கிட்ட வைச்சுவிடு."

வைத்தேன். மேசையில் தண்ணீர்ச் செம்போடு சாய்த்து, இவரின் முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி. இவர் வெட்கப்பட்டுக்கொண்டே முகமூடியை மாட்டி, ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனார். மாமி பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அங்கே அத்தானின் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மாமி திரும்பாமலே கையைக் காட்டி வேண்டாம் என்றார். பிறகு வில்லியம் அத்தான் வந்து, தாயின் கதிரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நெஞ்சு ஏறி இறங்கியது, ஒரு தடவையும் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கும் மாமி திரையில்தான் இருந்தார், போனில் சார்ஜ் எட்டு வீதம் என்று காட்டியது. மெல்ல எழும்பி, வயரைக் கொண்டுவந்து செருகிவிட்டுப் படுத்தேன்.