ஆறு வடக்கே பாயும் ஊரும் ஒரு வெள்ளை லேஞ்சியும்

எனக்குச் சொந்த அண்ணனாகவே இருந்த என் அத்தானுக்கு,

ஏழு வருடமாக ஒவ்வொரு நவம்பரும் உங்கள் படத்தைப் பத்திரிகையில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைப்பார்களே, அந்தப் பத்திரிகைதான். "கொலைகாரனின் குண்டுக்கு இரையான எங்கள் குடும்ப விளக்கு" என்று படத்துக்குக் கீழே எழுதிக் கொடுப்பவன் நான். அக்கா அதை வெட்டியெடுத்து இங்கே கனடாவில் எங்கள் மல்வேர்ன் வீட்டில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். இந்த முறை அந்த வசனத்தை எழுதக் கை வரவில்லை. அந்த இடத்துக்கு இந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன்.

காரணம் உங்கள் மகள் ஆரணி. நீங்கள் போகும்போது அவளுக்கு ஐந்து வயது, இப்போது பன்னிரண்டு. ஏதாவது ஒரு சிறிய ஊரின் வரலாறும் புவியியலும் எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் ஒன்ராறியோ ஊர்களைத் தெரிந்தெடுக்க, இவள் எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் நீங்கள் செத்துப்போன ஊரைத் தெரிந்தெடுத்துவிட்டாள். அதன் பெயரை நான் எழுதமாட்டேன். வாயில் வந்தால் இன்னும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

அக்காவின் பெட்டிக்குள் இருந்த உங்கள் கொப்பியையும் எடுத்துவிட்டாள். ஞாபகமா அத்தான்? கனடா எல்லையில் விசாரணைக்கு நாள் கிடைக்கும்வரை நீங்கள், அக்கா, பிள்ளை, நான் நாலு பேரும் அந்த ஊர்த் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கிடந்தோமே. மற்றவர்கள் விசாரணையில் என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டிருக்க, நீங்கள் அந்த ஊரைப் பாடமாக்கினீர்கள். அமைவிடம், தரைத்தோற்றம், வடிகால், காலநிலை, கைத்தொழில் என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடும் போட்டு. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் ஆறுகளைப் படிப்பித்த மாஸ்டர் அல்லவா, ஆற்றைக் கண்டதும் உங்களுக்குத் தலைகால் தெரியவில்லை.

"இஞ்சை பார் குகன், இந்த ஆறு வடக்குப் பக்கமாப் பாயுது. கனடாவுக்குத்தான் போகுது. உதுக்கு ஆரும் இன்ரவியூ வைக்கேல்லை" என்றீர்கள். அன்றைக்கு நாங்கள் எவ்வளவு சிரித்தோம்.

வரலாறு என்ற தலைப்பின் கீழே நீங்கள் எழுதியதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தேவாலயச் சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தையும், சமைக்க வரும் தேவாலயத்து அம்மாவையும், ஒரு கிழிந்த அகராதியையும் வைத்துக்கொண்டு எழுதினீர்கள். ஆற்றோரம் முதலில் இருந்த சனத்தைக் குடிசையோடு கொளுத்தித் துரத்தி எழும்பிய ஊர் அது. பிறகு எல்லைச் சண்டையில் பட்டாளம் வந்து அதே ஊரைக் கொளுத்தியது. நீர்வீழ்ச்சியில் கடதாசி ஆலை வந்தது. கூலி கூட்டிக் கேட்டவர்களை ஆலைக் காவலாளிகள் பாலத்தில் வைத்துச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். வசந்தத்தில் வெட்டுமரங்கள் ஆற்றில் வரும்போது இடையில் நசிந்து செத்தவர்களுக்குக் கணக்கே இல்லையாம். கடைசியில் ஆலையும் மூடி, வேட்டைத் துவக்கும் மானும் மட்டும் மிஞ்சிய ஊர். "எல்லா ஊரும் ஒரே மாதிரித்தான் தொடங்கியிருக்கு" என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அந்த அரைப் பக்கத்தில்தான் பிரச்சினை. நேற்று ஆரணி அதில் எழுத வேண்டியதை என்னிடம் கேட்டாள். வரலாற்றைச் சரிபார்க்கத் தேவாலயத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள், கெட்டிக்காரி. தேவாலயத்து அம்மா இன்னும் இருக்கிறாராம்.

"மாமா, அப்பாவைச் சுட்ட அந்த ஹண்டர் அண்டைக்குக் கல்லிலை விழுந்துதான் கண் போனதாம். இப்பவும் எங்களைப் பாக்கவேணும் எண்டு அழுறாராம். நீங்கள் அங்கை நிண்டனீங்கள்தானே. எது ட்ரூ? நான் எதை எழுதிறது?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்கா சத்தம் வைத்தார். "கொலைகாரன் எண்டு எழுது. பேரையும் போடு. வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் கோட்டிலை விபத்தெண்டு தீர்ப்புச் சொன்னவங்கள். நாங்களாவது உண்மையை எழுதுவம்."

நான் என் ஜக்கற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏனென்றால் அக்காவின் அந்த உண்மை என் வாயிலிருந்து வந்தது.

அத்தான், உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும், அதற்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. ஆற்றுப் படம் கீறி முடிக்க நீர்வீழ்ச்சியைப் பார்க்கவேணும் என்று காலையில் வெளிக்கிட்டீர்கள். உங்களைத் தனியே விட மனமில்லாமல் நானும் வந்தேன். தேவாலயத்து அம்மா வாசலில் வைத்து என் கையில் இரண்டு செம்மஞ்சள் மேலங்கிகளைத் தந்தார். காட்டைக் காட்டி ஏதோ சொன்னார், எனக்கு அரைவாசி விளங்கவில்லை. வேட்டைக் காலத்தில் ஆளென்று தூரத்திலேயே தெரிய அங்கே போடுகிற உடுப்பு அது என்று பிறகுதான் அறிந்தேன். விளங்கியிருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். ஊரில் சுட வரும் ஹெலிக்கொப்டரின் கண்ணில் படக்கூடாதென்று வெளிறின சட்டைகூடப் போடாமல் வளர்ந்த ஆட்கள் நாங்கள். பளிச்சென்ற நிறம் சாவுக்கு அழைப்பு என்பது என் எண்ணம். அவற்றைக் கதவுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பழந்துணிப் பெட்டியில் இருந்த இரண்டு மண்ணிறக் கோட்டுகளை எடுத்து வந்தேன். உங்களுக்கும் நானே போட்டுவிட்டேன்.

காட்டுக்குள் கால் மைல் போயிருக்கமாட்டோம். முதல் வெடி. உடம்பு தானாகவே கீழே விழுந்தது, இரண்டு பேருக்கும். ஒரு புதர்ப் பற்றைக்குள் தவழ்ந்து போய் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம். அந்த ஊர்க்காரன் என்றால், ஆள் நிற்பது வேட்டைக்காரனுக்குத் தெரியட்டும் என்று எழும்பி நின்று கத்தியிருப்பான், பாட்டுப் பாடியிருப்பான். எங்களுக்கு வெடி கேட்டால் சத்தம் போடக்கூடாது, அசையக்கூடாது என்பதுதான் தெரியும். இரண்டாவது வெடி கிட்டத்தில் கேட்டது. தலைக்கு மேலே மரக்கொப்பு முறிந்தது.

ஊரில் ஆமி வந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கியிருந்த நாற்பது பேருக்கு முன்னால், தடியில் வேட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தவர் நீங்கள். அந்த வெள்ளைத் துணியால்தான் அத்தனை பேரும் தப்பினோம். "அத்தான், வெள்ளையைக் காட்டுங்கோ" என்றேன் நான்.

நீங்கள் சட்டைப்பையில் கைவைத்துக்கொண்டு ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "இஞ்சை உது விளங்குமோடா?"

"வெள்ளைத் துணி எல்லா இடமும் ஒண்டுதான். தூக்குங்கோ."

அக்கா மடித்துத் தந்த வெள்ளைக் கைக்குட்டையை, அந்த லேஞ்சியை, எடுத்துப் பற்றைக்கு மேலே ஆட்டினீர்கள். இரண்டு தரம் ஆட்டியிருப்பீர்கள். மூன்றாவது வெடி உங்கள் கழுத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. உங்கள் இரத்தம் என் வாய்க்குள் அடித்தது. இரண்டு கையாலும் பொத்தினேன், விரல்களுக்கு இடையால் வந்துகொண்டே இருந்தது. நீங்கள் கொப்பியைத்தான் தேடினீர்களோ, என் கையைத்தான் தேடினீர்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் ஓடி வந்தான். செம்மஞ்சள் உடுப்போடு ஒரு கிழவன். உங்களைக் கண்டதும் துவக்கைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான். ஏதேதோ கத்தினான். கையைத் தன் பின்பக்கத்தில் வைத்து விரல்களை ஆட்டி ஆட்டிக் காட்டினான். செத்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு முன்னால் இந்த நாய் பகிடி விடுகிறதா என்று எனக்கு மூளை கொதித்தது. துவக்கை எடுத்துத் திருப்பி, அதன் மரப் பிடங்கால் அவன் முகத்தில் அடித்தேன். பல் தெறித்தது. பிறகும் அடித்தேன். கன்னத்து எலும்பு உள்ளே போகும் சத்தம் கேட்டது, இடது கண் இருந்த இடத்தில் இரத்தம்தான் இருந்தது, பிறகும் அடித்தேன். அவன் ஒருதரம்கூடக் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தார். கிழவன் சொன்னதை முதலில் எனக்குச் சொன்னார். அந்தக் காட்டு மான்களுக்கு வாலின் அடிப்பக்கம் வெள்ளையாம், ஓடும்போது அதைத் தூக்கி ஆட்டுமாம். பற்றைக்கு மேலே வெள்ளை ஆடியதும் மான் என்று சுட்டானாம். முகத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டதற்கு, பதறி ஓடி வரும்போது கல்லில் விழுந்ததாகச் சொன்னானாம்.

விளங்குகிறதா அத்தான்? அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குச் சிறை, எங்கள் எல்லோருக்கும் கனடாவும் இல்லை. நான் யார் என்றுகூட அந்த மனிதனுக்குத் தெரியாது, ஆனாலும் என்னைக் காப்பாற்றினான். அது தெரிந்த பிறகும், என் முறை வந்தபோது நான் என்ன சொன்னேன்? "எங்கடை முகத்தைப் பாத்துத்தான் சுட்டவன். நிண்ட மனிசனைச் சுட்டவன்." அதையே அக்காவுக்கும் சொன்னேன். லேஞ்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உன்ர சொல்லாலைதான் என்ர மனிசன் செத்தவர்" என்று அக்கா கேட்டுவிடுவார் என்ற பயம். வேறு காரணமே இல்லை.

அந்தப் பொய்யில் நாங்கள் ஏழு வருடம் சீவித்துவிட்டோம். அக்கா பேக்கரி வேலைக்கு மூன்று பஸ் மாறிப் போகும்போதும் அந்தக் கிழவனைச் சபித்துக்கொண்டுதான் போகிறார். நான் கார் பம்பர் செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறேன். போன மாதம் மில்லிக்கன் பிளாசாவில் கார் நிறுத்தும் சண்டையில் ஒருவனைப் பிடித்துச் சுவரோடு அடித்தேன். அவன் பயந்து முகத்தைப் பொத்தியபோதுதான் விட்டேன். இந்தக் கை இன்னும் அந்தக் காட்டுக்குள்ளேதான் நிற்கிறது அத்தான். இப்போது உங்கள் மகளும் தன் கையால் இந்தப் பொய்யை எழுதப் போகிறாள். அதுவும் உங்கள் கொப்பியில், உங்கள் அடிக்கோட்டுக்குக் கீழே. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கவா?

அக்கா பத்திரிகை எடுத்தால் முதலில் புரட்டுவது நினைவஞ்சலிப் பக்கம்தான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒளிந்திருந்தால் பத்திரிகையே சொல்லிவிடும் என்றுகூட நினைத்தேன். சீ, அது பற்றைக்குள் கிடந்தபடி உங்களை வெள்ளையைத் தூக்கச் சொன்ன அதே வேலை. ஆகவே இது என் சத்தியம். வெள்ளிக்கிழமை பத்திரிகை கடைக்கு வருமுன், வியாழக்கிழமை பின்னேரம், அக்கா வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த பிறகு, அவருக்கும் ஆரணிக்கும் முன்னால் நின்று இதை என் வாயாலேயே வாசிப்பேன். அந்த அரைப் பக்கத்தில் என் பெயரை முதலில் எழுதச் சொல்வேன். செம்மஞ்சள் மேலங்கி மூன்று வாங்கிவிட்டேன். அவர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு, வராவிட்டால் தனியே, அந்த ஊருக்குப் போய் அந்தக் கிழவர் முன்னால் நிற்பேன்.

அக்கா என்னை அடிக்கக்கூடும். அடிக்கட்டும். நான் கையைத் தூக்கித் தடுக்கமாட்டேன். அந்தக் கிழவரும் தடுக்கவில்லை.

உங்களை வெள்ளையைத் தூக்கச் சொன்ன
மச்சான் குகன்