கூடற்கணவாய் மணியைக் கேட்டு விடுத்த ஓலை

கூடற்கணவாய்க் கோவலரின் வெண்கல மணியைத் திருப்பித் தருக.

முதலில் வாழ்த்து, அடுத்துப் புகழ், கடைசியில் விண்ணப்பம் என்பது அரச ஓலையின் முறை. அம்முறை தெரியாமல் மாற்றி எழுதவில்லை. கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டதை முதலில் கேட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

மும்மலைக்கும் உடையவரும், தண்சிலையாற்றின் இருகரைக்கும் காவலரும், பகைவர் முடி கவிழ்த்தவரும், அரும்பொருள் மாடம் கண்டவருமாகிய தண்சிலை நாட்டு வேந்தர் பேராதனரையர் திருமுன்புக்கு, அம்மாடத்தின் முத்திரை தாங்குபவளும், கோவலர் குடியில் எழுத்தறிந்த முதல் ஆளும், அரச கடிகையில் கற்றுத் தேர்ந்து பட்டம் பெற்றவளுமாகிய காரி மகள் கொற்றி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பொய்க்காதிருக்கட்டும். இது வெறும் வாழ்த்து இல்லை; மழை வரப்போகிறது என்பதால்தான் இந்த ஓலையே.

தாங்கள் ஒரு பொருளைப் பார்த்து ‘அழகு’ என்று சொல்லிவிட்டால், உடையவர் அதைப் பட்டில் பொதிந்து தங்கள் காலடியில் வைக்க வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். மாடத்தில் உள்ள அத்தனையும் அப்படி வந்தவைதாம். பரதவரின் தூண்டில், குயவரின் சக்கரத்தண்டு, யாரோ ஒரு கிழவர் ஊன்றி நடந்துகொண்டிருந்த கோல். எந்தக் குடியிடமிருந்தும் ஒரு வகைக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. நான் கடிகையில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் தாங்கள் எங்கள் மலைக்கு வேட்டைக்கு வந்தீர்கள். கணவாயில் தங்கள் குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற, மந்தையை நடத்திப் போகும் முன்பசுவின் கழுத்து மணியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். என் தந்தை தம் கையாலேயே மணியை அவிழ்த்தார். ஊரில் இருந்த ஒரே பட்டு என் தாயின் கூறைப்புடவை. அதைக் கிழித்துப் பொதிந்தார்கள். பெருமையாகத்தான் கொடுத்தார்கள், அதையும் மறைக்கவில்லை.

அந்த மணி எதற்கு என்று யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை, தாங்களும் கேட்கவில்லை. மழைக்காலம் இறங்குமுன் எங்கள் மந்தை கணவாயைத் தாண்டி மேற்கு மேய்ச்சலுக்குப் போயாக வேண்டும். கணவாயிலோ பகலிலும் மூடுபனி. முன்னே போகும் மாட்டின் வால் பின்னே வரும் மாட்டுக்குத் தெரியாது. கன்றாக விழுந்த நாள் முதல் கேட்ட அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் அவை நடக்கும். மணி போன ஆண்டில் வேறு மணி கட்டிப் பார்த்தார்கள். பாதி மந்தை நடுவழியில் நின்றுவிட்டது; மீதி, பழைய ஓசையைத் தேடி விலகிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அடுத்த ஆண்டு பயந்துபோய்க் கணவாய் ஏறவே இல்லை. ஈரத்தில் நின்று குளம்பு அழுகிச் செத்தன. இப்போது எஞ்சியிருப்பது ஒரு சிறு மந்தை. இந்த மழைக்கும் கடக்காவிட்டால், மாடே இல்லாத கோவலரைத் தாங்கள் மாடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் என் தமையன் வல்லன் அரண்மனை வாயிலுக்கு வந்தான். “உன் இடுப்பிலதானே தொங்குது திறவுகோல், அப்புறம் என்ன?” என்றான். முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். “சரி, நீ முறையைப் பாரு. கொஞ்சம் பொறுத்துச் சாகச் சொல்லி மாட்டுகிட்ட நான் சொல்லி வைக்கிறேன்” என்றான்.

திருவோலை நாயகர் காஞ்சியாரிடம் போனேன். “பெண்ணே, குளம் கேள், வரிநீக்கம் கேள், வாங்கித் தருகிறேன். மாடத்துக்குள் வந்ததை மட்டும் திருப்பிக் கேட்காதே. கேட்டவர்கள் அப்புறம் எதையும் கேட்க இருந்ததில்லை” என்றார். ஆனாலும் ஈரமுள்ளவர், தங்கள் காதில் பக்குவமாகப் போட்டார். அதே அளவில் பொன்மணி வார்த்துக் கொடுக்கும்படி தாங்கள் அருளினீர்களாம். வார்த்து வந்ததை ஆட்டிப் பார்த்தேன். மண்கட்டி விழுந்த ஓசை. மாட்டுக்குப் பொன்னின் விலை தெரியாது, வேந்தே. எங்கள் மணியோ, தங்கள் நண்பகல் உறக்கத்துக்கு இடைஞ்சல் என்று நாவில் பஞ்சு சுற்றப்பட்டுக் கொக்கியில் கிடக்கிறது.

நேற்று அயல்நாட்டுத் தூதர் மாடம் காண வந்தார். மணியைக் காட்டினீர்கள். அடுத்து என் பக்கம் கை நீட்டி, “இவளும் அதே மலையில் கிடைத்தவள்தான். கோவலரில் படித்தவள் இவள் ஒருத்தி. கொற்றி, ஏதாவது சொல்லிக் காட்டு” என்றீர்கள். செம்பும் வெள்ளீயமும் எந்த அளவில் கலந்தால் அந்த மணியின் ஓசை வரும் என்று சொன்னேன். தூதர் வாய் பிளந்தார். “அழகாகப் பேசுகிறாள், பார்த்தீரா?” என்றீர்கள்.

அப்போதுதான் உறைத்தது. பட்டமளித்த நாளிலும் இதே சொல்லைத்தான் சொன்னீர்கள். அன்றே எனக்குப் பட்டாடை போர்த்தி மாடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பினேன். வல்லன் மகள் கடிகையில் சேர வந்தபோது, “கோவலரில்தான் ஒருத்தி இருக்கிறாளே” என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பொருளும் நேற்றுத்தான் விளங்கியது. அத்தனை சுவடி படித்தவளுக்கு இவ்வளவு தாமதமாக விளங்கியது வெட்கம்தான்.

ஆகவே அறிக. மாடத்திலிருந்து எந்தப் பொருள் வெளியேறவும் மாடத்து முத்திரை வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. இரண்டு பொருள்களுக்கு இட்டுவிட்டேன். ஒன்று மணி, மற்றொன்று நான். கேட்காமல் எடுத்துப் போனாள் என்று நாளை யாரும் சொல்லாதிருக்கவே முதல் வரியில் கேட்டேன். பதிலுக்காகக் காத்திருக்க மழை விடாது. பொன்மணி அந்தக் கொக்கியிலேயே தொங்குகிறது. பட்டாடையை மடித்து அதன் கீழே வைத்திருக்கிறேன். திறவுகோலும் முத்திரை மோதிரமும் இவ்வோலையோடு வரும். காஞ்சியார் தடுத்தார், நான்தான் கேட்கவில்லை. வாயிற்காவலர் முத்திரை கண்டு வழிவிடுகிறவர்கள். இவர்களில் எவரையும் தண்டிக்கலாகாது. மாடத்து முத்திரையின் கீழ் நான் இடும் கடைசி ஆணை இது. இவை காரி மகள் கொற்றி எழுத்து.

வல்லன் வடக்கு வாயிலில் நிற்கிறான். மணியின் நாவிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். முற்றத்தைக் கடந்து வாயில் வரைக்கும் ஆட்டிக்கொண்டேதான் போகிறேன். இந்த ஓலை திருமுன்பு விரியுமுன்னே தங்கள் நண்பகல் உறக்கம் கலைந்திருக்கும். அந்த ஓசையைக் கேட்டு அழகு என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். சொன்னாலும், கிழித்துப் பொதிய இனி எங்களிடம் கூறைப்புடவை இல்லை.