பத்தொன்பது வருஷக் கைக்கு ஒரு காகிதம்

மார்ச் 4

காலையில் மூன்று பெட்டி வெல்டிங் ராடு, இரண்டு கறுப்புக் கண்ணாடி. மதியம்வரை கடையில் அவ்வளவுதான் வியாபாரம். அப்புறம் தம்பி வந்தான்; கடையை ஒட்டிய எங்கள் வெல்டிங் பட்டறை அவன் கையில். பால் தொழிற்சாலைக்குப் போனவன் பாதி நாளில் திரும்பிவிட்டான். முகம் சரியில்லை.

ஆறு வருஷமாக அங்கே கைப்பிடி, மேடை, நீராவிக் குழாய் என்று எது விட்டுப்போனாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது புது இன்ஜினியர் வந்திருக்கிறார். ஜூனில் குழாய் முழுவதையும் மாற்றப்போகிறார்கள். நான்கு மாத வேலை. "சர்டிஃபிகேட் இருக்கா?" என்று கேட்டாராம். இவன் கையை விரித்துத் தீக்காயத் தழும்பைக் காட்டினானாம். அவர் சிரிக்கவில்லையாம்.

"பத்தொம்பது வருஷமா வெல்டிங் பண்றேன்க்கா. நேத்து வந்த ஆளு என்னை கேட்ல நிறுத்துறான்."

எனக்கும் சுருக்கென்றது. ஆனால் முத்திரை குத்திய பைப்பையும் குத்தாத பைப்பையும் வேறு வேறு விலைக்கு விற்கிறவள் நான். வாங்குகிறவன் முத்திரை எங்கே என்று கேட்டால் எனக்குக் கோபம் வந்ததில்லை. அதையே ஆளுக்குக் கேட்டால் மட்டும் ஏன் வருகிறது?

மார்ச் 5

வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். வெல்டருக்கு சர்டிஃபிகேட் தேவையா?

கேட் செய்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட் வாங்குறவன் பெயிண்டைத்தான் பாப்பான். சர்டிஃபிகேட்ட ஃபிரேம் போட்டு கேட்லயா மாட்டச் சொல்ற?"

அவர் தொழிலுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் கேட்டுக்குள் நீராவி ஓடாது.

மார்ச் 7

இன்று விஷயம் கிடைத்தது. கேஸ் சிலிண்டர் இறக்க வரும் வண்டிக்காரர் முன்பு கப்பல் பட்டறையில் வெல்டராம்! இத்தனை வருஷமாக வருகிறார், எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே.

"அது நீ வெல்டர்னு சொல்ற காகிதம் இல்லம்மா. இந்த இரும்பு, இந்தப் பருமன், இப்படி நிக்க வெச்சு ஒட்டுனா நிக்கும்னு சொல்ற காகிதம். ஆறு மாசம் அந்த வேலையத் தொடலைன்னா செல்லாது. என்னோடது செத்துப் பல வருஷம் ஆச்சு."

நான் அதைக் கல்யாணப் போட்டோ மாதிரி நினைத்திருந்தேன். ஒருமுறை எடுத்தால் சாகும்வரை சுவரில் தொங்கும் என்று. இல்லை, இது மருந்துக்கடைச் சரக்கு. தேதி தாண்டினால் குப்பை. அப்படியானால் எடுத்த கையோடு வேலை காத்திருக்க வேண்டும். தம்பிக்குக் காத்திருக்கிறது. எடுக்கலாம்.

மார்ச் 8

தம்பி பிடி கொடுக்கவில்லை. "பாக்கலாம்க்கா, பாக்கலாம்."

சாயங்காலம் அவன் மனைவி வந்து காதைக் கடித்தாள். "அண்ணி, அவருக்கு பரீட்சைன்னாலே உதறல். ஒம்பதாவதுல பரீட்சை ஹால்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்த ஆளு. ஃபெயில் ஆயிட்டா ஊரே சிரிக்கும்னு ராத்திரியெல்லாம் பொலம்புறார்."

"சிரிக்கிறவங்க எல்லாரும் எங்கிட்டதான் ராடு வாங்குறாங்க. நான் பாத்துக்கிறேன், போ."

மார்ச் 21

நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். இன்று சர்டிஃபிகேட் டெஸ்ட்; கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். தம்பிக்குத் துணை என்று சொல்லிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

நீளமான கொட்டகை. திரை போட்டுத் தடுத்த தடுப்புகள். ஒவ்வொன்றிலும் விரல் தடிமனில் இரண்டு இரும்புப் பட்டைகள், நடுவில் சிறு இடைவெளி விட்டு, நட்டமாக நிற்கின்றன. அடி வரி முதல் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வரி, எல்லாம் கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். முடித்தபின் கிரைண்டர் போட்டு மழுப்பக் கூடாது.

தம்பி முடித்துவிட்டு வந்தான். "பாருக்கா." மீன் செதில் மாதிரி வரிசை, ஒன்று பிசகவில்லை. பக்கத்துத் தடுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைத் துண்டு துண்டாக வெட்டி, அழுத்தும் மெஷினில் வைத்து வளைத்தார்கள். முதல் துண்டு, முன்பக்கம் வெளியே தெரியும்படி. பாதி வளையல் மாதிரி வளைந்தது, ஒரு கீறல் இல்லை. இரண்டாவது, பின்பக்கம் வெளியே. பாதி வளையும்போதே டிக் என்றது. ஒரு காசை நுழைக்கலாம் போல வாய் பிளந்துவிட்டது.

பரீட்சை எடுப்பவர் கோபப்படவில்லை. "அடி வரியை மட்டும் மேல இருந்து கீழ இழுத்தீங்களா?" என்று கேட்டார்.

தம்பி பிளந்த துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஃபெயில்.

மார்ச் 22

பட்டறை திறக்கவில்லை.

மார்ச் 23

டீக்கடையில் டீ வாங்கிக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஏன்டா அப்படிச் செய்தாய் என்றுதான் கேட்க வந்தது.

கேட்டும் கிரில்லும் மெல்லிய இரும்பு. அதில் மேலிருந்து கீழே இழுத்தால் வேகம், ஓட்டை விழாது, பார்க்கவும் அழகு. தடித்த இரும்பில் அது உள்ளே பிடிக்காதாம். பத்தொன்பது வருஷமாக அதே இழுப்பு. பரீட்சையில் கீழிருந்துதான் ஆரம்பித்திருக்கிறான். முதல் வரியிலேயே இரும்பில் ஓட்டை விழுந்துவிட்டது. பரீட்சை எடுப்பவர் அடுத்த தடுப்பில் இருந்தார்.

"கை தானாப் போயிருச்சுக்கா. மேல மூணு வரி போட்டு மூடிட்டா தெரியாதுன்னு நெனச்சேன்."

"சரி, அப்போ இதுவரைக்கும் போட்டதெல்லாம்?" தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், குத்திக்காட்ட இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தான். தொழிற்சாலையின் நீராவிக் குழாயில் எட்டு ஜாயிண்ட் அவனுடையது. எட்டும் மேலிருந்து இழுத்தது.

மார்ச் 24

என் வியாபாரப் புத்தி முதலில் சொன்னது: வாயைத் திறக்காதே. ஜூனில் எப்படியும் மாற்றத்தானே போகிறார்கள். ஆறு வருஷம் தாங்கியது மூன்று மாதம் தாங்காதா? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

அவன்தான் ஆரம்பித்தான். "மூணாவது ஜாயிண்ட்டுக்கு நேர் கீழ ரெண்டு பேர் நின்னு கேன் கழுவுவாங்கக்கா. போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா அந்த வாசல் இனி நமக்கு இல்லடா."

"சொல்லலைன்னாலும் இல்லையேக்கா. எந்தச் சர்டிஃபிகேட்ட வெச்சு இப்ப உள்ள போகப்போறேன்?"

நாளைக்குக் காலையில் போகலாம் என்றேன். பேரம் பேசியே பிழைத்தவள் நான்; இதில் பேரத்துக்கு இடமில்லை.

மார்ச் 25

தொழிற்சாலைக்குப் போய்ச் சொன்னோம். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, "எது எதுன்னு காட்டுங்க" என்றார். தம்பி ஏணியில் ஏறி எட்டு இடத்தில் வட்டம் போட்டான். ஏழாவதில் மட்டும் கொஞ்சம் யோசித்தான். எங்கள் கண்ணெதிரேயே நீராவியை நிறுத்தினார்கள். எங்களிடம் திட்டும் இல்லை, நன்றியும் இல்லை. "நீங்க போகலாம்."

வழியெல்லாம் தம்பி கையிலிருந்த சாக்குப்பொடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஏப்ரல் 9

இன்ஜினியரே சாக்குப்பையோடு கடைக்கு வந்தார். வெட்டி எடுத்த எட்டு ஜாயிண்ட். ஐந்து பரவாயில்லையாம். மூன்றில் உள்பக்கம் ஒட்டவே இல்லை. தம்பி ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்த்தான்.

கிளம்பும்போது, "அடுத்த டெஸ்ட் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 27

பட்டறையில் ஓயாத சுத்தியல் சத்தம். ஒட்டுகிறான், வெட்டுகிறான், வைஸில் பிடித்து அடித்து வளைக்கிறான், உடைகிறது, தூக்கிப் போடுகிறான். கேட் செய்கிறவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஒட்டுறதும் நீயே, ஒடைக்கிறதும் நீயே? பொழுது போகலையா?" என்றார்.

"முந்தி ஒட்டுறது மட்டும் நான், ஒடையறது வாங்குனவன் வீட்ல. இப்ப ரெண்டையும் நானே பாத்துக்கிறேண்ணே."

இன்று முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு நானும் பார்த்தேன். பதினைந்து வருஷமாக ராடு விற்கிறேன், அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்ததே இல்லை! ஒரு பட்டாணி அளவுக்கு உருகிய குளம். அது கீழே வழியத் துடிக்கிறது. இவன் இந்தக் கரை, அந்தக் கரை என்று தொட்டுத் தொட்டு அதை மேலே ஏற்றுகிறான், நடை பழகுகிற குழந்தையை மாடிப்படியில் ஏற்றுகிற மாதிரி. பிறகு பழைய முறையில் ஒருதரம் இழுத்துக் காட்டினான். கசடு முந்திக்கொண்டு கீழே ஓடுகிறது, இரும்பு அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்கிறது. எனக்கே புரிந்துவிட்டது.

மே 18

நான்கு துண்டு. நான்கும் வளைந்தன. பாஸ்.

ஜூன் 2

கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டான். ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்குப் பக்கத்திலும் தன் நம்பரைக் குத்த வேண்டுமாம். இவன் நம்பர் பதினேழு.

"இனிமே சாக்குக்கட்டி வேண்டாம்க்கா. யாரு போட்டதுன்னு இரும்பே சொல்லும்."

ஜூன் 20

கேட் செய்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "நானும் அந்த டெஸ்ட் எழுதலாமா?"

"உங்களுக்கு எதுக்கு? கேட்டுக்கு யாரும் கேக்கப்போறதில்ல. ஆனா ஒரு கீல் பட்டையை ஒட்டி வளைச்சுப் பாருங்க, காசா பணமா."

முறைத்துக்கொண்டு போனார்.

ஜூன் 21

கேட் செய்கிறவர் வந்தார். "ஒடஞ்சிருச்சு" என்றார். தடித்த ராடு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 29

குழாய் வேலை முடிந்தது. தம்பியை நிரந்தரமாகவே வைத்துக்கொள்கிறார்களாம். கடை வாசலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"சர்டிஃபிகேட்டோட நாலு பேரு வந்தாங்கக்கா. ஆனா இன்ஜினியரு, நீ ஏணியில ஏறி வட்டம் போட்ட பாரு, அது போதும்னுட்டார்."

காகிதம் வந்தால் பட்டறைக்கு வேலை வரும் என்று நான் கணக்குப் போட்டேன். ஆளையே அள்ளிக்கொண்டு போகும் என்று போடவில்லை. பிரயோஜனமா என்று இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? அவனுக்கு, ஆமாம். எனக்கு — தெரியவில்லை.

"என்னக்கா சொல்ற? வேண்டாம்னா சொல்லு."

"என்னைய ஏன்டா கேக்குற? மொதல்ல உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு."

அக்டோபர் 6

காலையில் கடை முன்னால் அட்டை கட்டினேன். 'வெல்டர் தேவை.' கட்டியபின் மறுபடி இறக்கி, கீழே இன்னொரு வரி எழுதினேன். 'சர்டிஃபிகேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு துண்டு ஒட்டி, என் எதிரில் வளைத்துக் காட்ட வேண்டும்.'

மதியத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கீழ் வரியைப் படித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். மூன்றாமவர் கிளவுஸ் எங்கே என்று கேட்டார்.